கருடன் வந்து உட்கார்ந்த கோழிக்கூடை

போன வாரம் எங்கள் வீட்டுக் கிணற்றடியைப் பற்றிச் சொல்லும்போது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்கூடை கவிழ்ந்திருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். உடனே எல்லாருக்கும் அதுதான் வேண்டுமாம். கிணற்றுத் தண்ணீர் எத்தனை ருசி என்று சொன்னேனே, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரம் என் மாமியார் போன கதையை மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னேன். அதற்கும் கேள்வி இல்லை. ஐயங்கார் வீட்டில் கோழிக்கூடை என்றதும் எல்லாருக்கும் காது நீண்டுவிட்டது.

உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? அடுத்த வீட்டுக் கொல்லையில் என்ன கவிழ்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தக் காலத்தில் பங்கஜம் மாமிதான் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள். அவளாவது அடுத்த வீட்டுக்காரி. நீங்கள் எந்த ஊரோ, எந்தத் தெருவோ.

சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள், சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசக்கூடாது.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் கொல்லை. காலை வெயில் முருங்கை மரத்தைத் தாண்டி இறங்கியிருக்கிறது. கல்தொட்டிக்குப் பக்கத்தில் மூங்கில் கூடை ஒன்று கவிழ்த்திருக்கிறது. மேலே ஒரு செங்கல். கூடையின் பாதியை நனைத்த சாக்கு மூடியிருக்கிறது. மீதிப் பாதியில் வெயில் பொத்தல் பொத்தலாக உள்ளே விழுகிறது. அந்த வெயிலில் ஒரு குட்டி ஆமை, பின்னங்கால்களை விரித்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

கூடையின் உச்சியில் வெள்ளைக் கழுத்துக் கருடன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டடி தள்ளி என் மாமனார், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கூப்பிக் கண்ணை மூடி நிற்கிறார்.

இந்த இடத்துக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான் கதை.

அத்தையின் சொத்து

ஆமை என் மாமனாரின் தங்கை சேஷம்மாளுடையது. நாங்கள் சேஷ அத்தை என்போம். பாவாடை கட்டுகிற வயதில் கல்யாணம் ஆகி, அந்தப் பாவாடை கிழிவதற்குள் எல்லாம் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். தலையை மழித்து நார்மடிப் புடவை கட்டியவள். பெருமாளுக்குத் தளிகை, அதாவது சமையல், பண்ணுவது அவள் பொறுப்பு. அவள் மடியோடு, குளித்த ஆசாரத்தோடு, அடுப்படியில் இருக்கும்போது காக்காய் நிழல் மேலே விழுந்தாலும் மறுபடி கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாள்.

அந்த வீட்டில் அவளுடையது என்று ஒன்றும் கிடையாது. பாத்திரங்களில் மாமா, அதாவது என் மாமனார், பெயர் வெட்டியிருந்தது. சிலவற்றில் என் மாமியார் பெயர். நான் கொண்டுவந்த சீர்ப் பாத்திரத்தில் என் பெயர்கூட இருந்தது. அத்தை பெயர் ஒரு கரண்டியில்கூட இல்லை.

ஒரு தடவை ஸ்ரீரங்கபட்டணத்தில் காவேரி ஸ்நானத்துக்குப் போனபோது, முக்கி எடுத்த சொம்புக்குள் அது வந்துவிட்டது. அதிரசம் அளவு இருக்கும். மற்றவர்களாக இருந்தால் தண்ணீரோடு கவிழ்த்திருப்பார்கள். அத்தை சொம்பை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். கிட்டு என்று பெயர் வைத்தாள். கொல்லைக் கல்தொட்டியில் விட்டாள்.

வீட்டில் ஆமை இருந்தால் ஆகாது என்று தெருவில் சிலர் முனகினார்கள். அது வீட்டில் எங்கே இருக்கிறது, தொட்டியில் அல்லவா இருக்கிறது என்று அத்தை கேட்டாள். அதோடு முனகல் நின்றது.

தொட்டியில் புழு பூச்சி வந்தால் கிட்டு சாப்பிடும். அந்த நேரத்தில் அத்தை முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டிய நேரத்தில் பார்க்காமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் நன்றாக வரும்.

நமுத்த அப்பளம்

ஒரு மழைக்காலம் முழுக்க மைசூரில் சூரியனே தலைகாட்டவில்லை. தொட்டி பாசி பிடித்துவிட்டது. கிட்டுவின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. முதுகு ஓட்டை விரலால் அழுத்தினால் நமுத்த அப்பளம் மாதிரி உள்ளே போயிற்று. தயிர்சாதம் வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தை தொட்டிக்கும் தளிகை உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். தொட்டியைத் தொட்டதால் ஒரு குளியல், மறுபடி தொட்டதால் மறு குளியல். ஆமைக்கு முன்னால் அத்தை ஜன்னி கண்டு போய்விடுவாள் போலிருந்தது.

மழை விட்ட சமயம், பெங்களூரில் டாக்டராக இருந்த ஒரு மச்சினர் வந்திருந்தார். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். எலும்பு மெலிந்த குழந்தைகளைக் காலை வெயிலில் போடச் சொல்வோம், இதையும் போட்டுப் பாருங்கள் என்றார். அப்படியே இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, முழு வெயிலில் விட்டால் வெந்துபோகும், பாதி நிழல் இருக்கட்டும், பக்கத்தில் தட்டில் தண்ணீர் இருக்கட்டும், அது வேண்டும் என்கிறபோது நகர்ந்துகொள்ளும் என்றார். வெயில் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அத்தை கேட்டாள். அவர் வேஷ்டி மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டார்.

வெயில் நன்றாக விழுகிற நேரமும் அத்தை தளிகை பண்ணுகிற நேரமும் ஒன்று. பெருமாளைக் காக்க வைக்க முடியாது. சூரியனையும் முடியாது. ஆகவே காவலுக்கு மாமாவை உட்கார வைத்தாள்.

காவல்காரர்

மாமா நல்ல காவல்காரர். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு முக்காலி, ஒரு நீளக் கம்பு, வாயில் பாசுரம். காக்காய் இறங்கினால் பாசுரத்தை நிறுத்தாமலே கம்பை ஆட்டுவார். பூனை வந்தால் குரலை உயர்த்துவார். அந்தப் பூனைக்குப் பாதிப் பிரபந்தம் மனப்பாடம் ஆகியிருக்கும். கீரி ஒன்று வேலிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சாதாரணப் பருந்து வட்டமிட்டால் எழுந்து நின்றுவிடுவார், கம்பை வானத்துக்குக் காட்டுவார்.

நான் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மாமனாருக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்பதால் துணியை ஓங்கி ஓங்கி அடிப்பேன். அந்த வருஷம் எங்கள் வீட்டு வேஷ்டிகள் எல்லாம் சீக்கிரம் கிழிந்தன.

மாமாவிடம் ஒரே ஒரு விசேஷம். கருடனைக் கண்டால் அவருக்கு உலகமே மறந்துவிடும். எங்களவர்களில் பெரிய திருவடி என்றுதான் சொல்வது. பெருமாளைத் தோளில் சுமக்கிறவர் ஆயிற்றே. செம்பட்டை உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக ஆகாசத்தில் தெரிந்துவிட்டால் போதும், செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுலோகம் முடிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார்.

ஒரு தடவை தேவராஜ மார்க்கெட் பக்கம் நடு வீதியில் இப்படி நின்றுவிட்டார். பின்னால் வந்த ஜட்காக்காரன் கன்னடத்தில் அவருடைய மூன்று தலைமுறையையும் விசாரித்தான். மாமா சுலோகத்தை முடித்துவிட்டுத் திரும்பி, "ஏனப்பா, உனக்கும் சேர்த்துத்தானே சேவிச்சேன்" என்றாராம். குதிரை மட்டும் தலையை ஆட்டியதாம். அவரே வந்து சொன்னார், பெருமையாக.

கண் மூடிய நேரம்

வெயில் காட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் கிட்டு வீங்கின கண்ணை லேசாகத் திறந்தது. அத்தை அன்றைக்குப் பாயசத்தில் முந்திரி கூடப் போட்டாள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பாசுரம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் மாமா கம்பைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தேன். வெள்ளைக் கழுத்து.

மாமா கண்ணை மூடினார். கருடன் இறங்கியது.

ஒரு நிழல் என் மேல் ஓடியது. கல்லில் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. கிட்டு தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு அதிரசம் ஆகிவிட்டது. கருடன் அதைத் தூக்கியேவிட்டது. ஆள் உயரம் போயிருக்கும், பாசி வழுக்கியதோ என்னவோ, பிடி நழுவிக் கல்தொட்டித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. கருடன் ஒரு வட்டம் சுற்றிவிட்டுக் கோவில் பக்கம் போய்விட்டது.

மாமா சுலோகத்தை முடித்தார். கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் பிரகாசம்.

"ரங்கு, சேவிச்சியா? எத்தனை கிட்டக்க வந்தார் பாரு."

நான் தொட்டியைக் காட்டினேன்.

அண்ணனும் தங்கையும்

அத்தை மடியோடு வெளியே வந்தாள். தொட்டியில் கையை விட்டுக் கிட்டுவை எடுத்தாள். ஓட்டில் இரண்டு கோடு. மெத்தென்று இருந்த இடத்தில் லேசாக ரத்தம். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மாமாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணா, உன் கையிலே அந்தக் கம்பு எதுக்கு?"

"காக்கா ஓட்ட. பூனை ஓட்ட. கீரி வந்தா அதை ஓட்ட."

"கருடன் வந்தா?"

"கருடன் வந்தா கம்பைக் கீழே வெச்சுட்டுக் கை கூப்பணும். பெரிய திருவடியைப் பாத்துக் கம்பை ஓங்கச் சொல்றியா சேஷி?"

"கூப்பு, யார் வேண்டாம்னா. கண்ணை எதுக்கு மூடறே?"

"கண்ணை மூடாம எப்படிடி சேவிக்கறது?"

"கோவில்ல பெருமாளைக் கண்ணைத் தெறந்துண்டுதானே சேவிக்கறே? சுமக்கறவருக்கு மட்டும் என்ன மூடறது?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஸாகு, ஸாகு" என்று கன்னடத்தில் போதும் சொன்னார். பதில் இல்லாதபோது அவருக்குக் கன்னடம் வரும்.

அத்தை விடவில்லை. கூர்மமாக அவதாரம் எடுத்து மலையைத் தாங்கினது யார், அந்தப் பெருமாள் ஜாதிதானே இது, ஏறி உட்கார்ந்து வருகிறவரை வாகனமே கொத்திக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். மாமாவுக்கு இது உறைத்துவிட்டது. சாயங்காலம் கோவிலுக்குப் போய்ப் பட்டாச்சாரியாரைக் கேட்டுவிட்டு வந்தார். இருவரும் பெரியவர்கள், நாம் குறுக்கே போகக்கூடாது என்றாராம் அவர். உத்தியோகத்தில் நன்றாக மேலே வந்திருக்க வேண்டிய மனிதர்.

அத்தைக்குப் பெயரே ஆதிசேஷன் பெயர், கருடனோடு எப்படி ஒத்துப்போகும் என்று என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு சொன்னார். வீட்டில் அவர் அந்த வாரம் பேசியது அவ்வளவுதான்.

மேல் தெளிவு

அன்றிலிருந்து வெயில் கிடையாது. மாமாவை நம்பி வெளியே வைக்க அத்தைக்கு மனசு வரவில்லை. நான் காவலிருக்கிறேன் என்றால், நீ துவைப்பாயா, பார்ப்பாயா என்றாள். கிட்டுவின் கண் மறுபடி மூடிக்கொண்டது. தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. மச்சினர் வேஷ்டி மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. அத்தைக்கும் வந்திருக்கும்.

அத்தை அண்ணனோடு பேச்சை நிறுத்தவில்லை. அப்படி நிறுத்துகிறவர்கள் புத்தி இல்லாதவர்கள். பெருமாளுக்குப் பண்ணுகிற தளிகையில் குறை வைக்க முடியாது, அபசாரம். அதனால் குறையைப் பரிமாறுவதில் வைத்தாள். மாமா இலைக்கு வரும்போது கரண்டி சாத்தமுதின், அதாவது ரசத்தின், மேலேயே நீந்திவிட்டு வரும். பருப்பு அடியில் தூங்கும். மாமாவுக்கு மேல் தெளிவு மட்டும். குழம்பில் காய்த் துண்டு ஒன்றும் இல்லை. கூட்டில் தேங்காய் எங்களுக்கு, தண்ணீர் அவருக்கு.

மாமா அதையே குடித்துவிட்டு எழுந்துவிடுவார். இருவரும் ஒரே அம்மா வளர்த்தவர்கள்.

நடந்துபோன பூக்கூடை

எனக்குச் சாஸ்திரம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தபோதே கல்யாணம் பேசிவிட்டார்கள். ஆனால் இரண்டு பெரியவர்களுக்கும் நடுவில் ஏதாவது ஒன்றை வைத்தால் போதும் என்று தோன்றியது.

முறத்தைக் கவிழ்த்தேன். உள்ளே வெயில் போகவில்லை. மாவு சல்லடையைக் கவிழ்த்தேன். கிட்டுவுக்குத் திரும்ப இடம் இல்லை. பூக்கூடையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் வந்தால் கூடை கொல்லையைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டிருந்தது. சாகக் கிடக்கிற ஆமைக்கு அத்தனை பலம். மாமா அதைப் பார்த்துவிட்டு முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கனமாகவும் இருக்க வேண்டும், அகலமாகவும் இருக்க வேண்டும், பொத்தலாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றை நான் பார்த்திருந்தேன். எங்கே என்றுதான் சொல்லத் தயக்கமாக இருந்தது.

எங்களுக்குக் கீரை கொண்டுவருகிறவள் காளியம்மா, கொள்ளேகால் பக்கத்துக்காரி. மைசூருக்குப் பிழைக்க வந்து, தெருக்கோடியைத் தாண்டிக் குடிசை போட்டிருந்தாள். அவள் வாசலில் கோழியையும் குஞ்சையும் ஒரு பெரிய மூங்கில் கூடைக்குள் மூடி வைத்திருப்பாள். கொடாப்பு என்பாள் அவள். மேலே பருந்து சுற்றும். உள்ளே குஞ்சுகள் பாட்டுக்கு மேயும்.

கொல்லைக் கதவண்டை அவளைக் கூப்பிட்டு, உன்னிடம் பழைய கூடை ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏனுங்கம்மிணி, கொடாப்புங்களா? உங்கூட்டுக்கா?" என்று தெரு கேட்கிற குரலில் கேட்டாள்.

மெதுவாகப் பேசு, ஆமைக்கு என்றேன். கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். "ஆமைக்குக் கொடாப்புப் போடற ஊட்ட இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றாள். முருங்கைக்காயை ஒரு கட்டு ஒடித்துக்கொடுத்தேன். மறுநாள் கீரைக்கூடைக்கு மேலே அதைக் கவிழ்த்து, அதன் மேல் வாழையிலையைப் போட்டு, கொல்லை வழியாகக் கொண்டுவந்தாள்.

வெந்நீரை ஊற்றினேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சாணித் தண்ணீர் தெளித்தேன். மறுபடி கிணற்று நீர். அந்தக் கூடை பட்ட பாட்டை நான் கல்யாணத்தன்றுகூடப் படவில்லை. மூங்கில் இடுக்கில் செம்பட்டையாகச் சின்ன இறகு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. ஊதிவிட்டேன்.

அத்தை வந்து கூடையைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். முகர்ந்தாள்.

"எதுக்கு இருந்த கூடைடி இது?"

"காவலுக்கு, அத்தை."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

"சரி. மேலே ஒரு செங்கல் வை. பாதிக்குச் சாக்கைப் போடு" என்றாள்.

கொல்லையில் கருட சேவை

கூடை வைத்ததும் கருடன் வந்தது. வட்டமிட்டது. மாமா கம்பைக் கீழே வைத்தார், கண்ணை மூடினார். இந்தத் தடவை நான் துணியை விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அது இறங்கி, கூடை மேல் உட்கார்ந்து, மூங்கில் வழியாக ஒரு கண்ணால் உள்ளே பார்த்தது. உள்ளே இருந்து கிட்டுவும் ஒரு கண்ணால் பார்த்தது. அதற்குத் திறந்திருந்ததே ஒரு கண்தான்.

மாமா கண்ணைத் திறந்தபோது கருடன் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோவிலில் பெருமாள் கருடன் மேலே வருவார், இங்கே கருடன் பெருமாள் மேலே வந்திருக்கிறார், இதுவும் கருட சேவைதான் என்றார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. எதற்கு வந்தது என்பது எனக்கும் கிட்டுவுக்கும் தெரியும். மாமாவுக்காக வந்தது என்று மாமா நினைத்தார். ஒரு நாள் கூடைக்குப் பக்கத்தில் செம்பட்டை இறகு ஒன்று கிடந்தது. பெரிய திருவடியின் பிரசாதம் என்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெருமாள் உள்ளில் கொண்டுபோய் வைத்தார். எந்த இறகு என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

கிட்டு தேறியது. கண் திறந்தது. ஓடு இறுகத் தொடங்கியது. அத்தை மட்டும் மாமாவுக்கு மேல் தெளிவுதான் ஊற்றினாள். கூடை காப்பாற்றியது வேறு, அண்ணன் கண்ணை மூடினது வேறு.

சுவருக்கு மேலே ஒரு தலை

இந்த இடத்தில் பங்கஜம் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த வீடு. நல்லவள்தான், ஆனால் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கென்று ஒரு கல் போட்டு வைத்திருந்தாள், ஏறி நிற்க.

அவள் பிள்ளை வேலை பார்த்த இடத்தில் துரை ஒருவர் அவனுக்குச் சீமை பிஸ்கோத்து டப்பா ஒன்று கொடுத்திருந்தார். சிவப்புச் சட்டை சிப்பாய்கள் படம் போட்டு, சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. பிஸ்கோத்தை யார் தின்றார்களோ தெரியாது. டப்பாவில் மாமி திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் வைத்திருந்தாள். அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் காலையில் அதிலிருந்துதான் நாமம் போட்டுக்கொள்வார்கள். டப்பாவைச் சுவர் மேல் வைத்து எனக்கே பல தடவை காட்டியிருக்கிறாள்.

மாமா சும்மா இருந்திருக்கலாம். கோவிலில் போய்ச் சொல்லிவிட்டார். எங்கள் கொல்லைக்குக் கருடன் வந்து உட்காருகிறார் என்று. ஒரு காலை, பெரிய நாமம் போட்ட இரண்டு பேரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். கருடன் அன்றைக்கும் வந்தது, உட்கார்ந்தது, உள்ளே எட்டிப் பார்த்தது, போயிற்று. இரண்டு பேரும் தரையில் விழுந்து சேவித்தார்கள். மாமா, மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் காட்டின அப்பா மாதிரி நின்றார்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு தலை வந்தது.

"ரங்கு, தெரியாமத்தான் கேக்கறேன். அது கோழிக்கூடை மாதிரின்னா இருக்கு?"

விழுந்து சேவித்தவர்களில் ஒருவர் எழுந்து பின்னால் நகர்ந்தார். வேஷ்டியைத் தட்டினார். இன்னொருவர் கூடையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னால் பொய்யாகும், சொல்லாவிட்டால் மெய்யாகும். அப்படி ஆனால் கூடை தெருவுக்குப் போகும். கிட்டு மறுபடி தொட்டிக்குப் போகும். இன்னொரு மழைக்காலத்தை அது தாங்காது.

அத்தை வெளியே வந்தாள். குளித்து மடியாக, தளிகை பாதியில் இருந்தது. கையில் புளி வாசனை. யாரையும் பார்க்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செங்கல்லை இறக்கினாள். கூடையை இரண்டு கையாலும் தூக்கினாள். கிட்டுவை எடுத்துக் கண்ணைப் பார்த்தாள், ஓட்டைப் பார்த்தாள். மறுபடி வெயிலில் வைத்துக் கூடையால் மூடி, செங்கல்லை வைத்தாள். கையை நார்மடிப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கிணற்றடிக்குப் போகாமல், குளிக்காமல், நேரே தளிகை உள்ளுக்குப் போய்விட்டாள்.

பங்கஜம் மாமி கல்லின் மேல் இருந்து வழுக்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். தலை ஒரு முறை கீழே போய் மேலே வந்தது.

பின்னால் நகர்ந்தவர் மாமாவிடம் தயங்கித் தயங்கி, இன்றைக்கு உங்கள் வீட்டுத் தளிகை பெருமாளுக்கு ஆகுமா என்று கேட்டார். மாமா தரையில் கிடந்த கம்பை எடுத்துச் சுவரில் சாத்தினார். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்.

"சேஷிக்குத் தெரியாத மடி எனக்குத் தெரியாது, ஸ்வாமி" என்றார். "இருந்து ரெண்டு வாய் சாப்டுட்டுப் போங்கோ."

ஒருவருக்கு அன்றைக்குத் திடீரென்று உபவாசம் வந்து போய்விட்டார். மற்றவர் உட்கார்ந்தார். புளியோதரை வாசனை அப்படி.

அன்றைக்குப் பரிமாறும்போது அத்தை சாத்தமுதுக் கரண்டியை அடி வரைக்கும் விட்டாள். கலக்கினாள். அடியில் கிடந்த பருப்பெல்லாம் மேலே வந்தது. மாமா இலையில் முதல் கரண்டி, இரண்டாவது கரண்டி. போதும் என்று மாமா கையைக் காட்டினார். அத்தை கையைப் பார்க்காமல் மூன்றாவதையும் ஊற்றினாள்.

கிட்டு பல வருஷம் இருந்தது. அதிரசம் அளவு தோசைக்கல் அளவு ஆயிற்று. அதற்குப் பிறகு கருடன் எட்டிப் பார்ப்பதோடு சரி.

தெருவில் விஷயம் சும்மா போய்விடவில்லை. இரண்டு நாள் கழித்து, கோவில் பிரகாரத்தில் பங்கஜம் மாமியும் இன்னும் நாலைந்து மாமிகளும் என்னைத் தூணோடு நிறுத்திவிட்டார்கள். அத்தை தொட்டாள் என்பதெல்லாம் இருக்கட்டும், நீ பொய் சொல்லமாட்டாய், உண்மையைச் சொல், அது கோழி இருந்த கூடைதானே என்று கேட்டார்கள். நான் பிரசாதத்தை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"கோழி இருந்த கூடைதான் மாமி. முன்னாடி என்ன இருந்ததுன்னு கேக்க ஆரம்பிச்சா, உங்காத்துத் திருமண் டப்பாகிட்டேர்ந்து ஆரம்பிக்கலாம். அது மேலே சுத்திவர இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது. உங்க பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கோ, அந்தப் பிஸ்கோத்துல முட்டை உண்டா இல்லையான்னு. இல்லைன்னு வந்தா சொல்லி அனுப்புங்கோ, கூடையைத் தூக்கிப் போட்டுடறேன்."